கடைச் சாப்பாட்டின் கதை

கடந்த மாதம் எமதூர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றியது. யார் பேசியது என்று தெரியாது. "அவங்கட பேக்கரியில இனிமே ஒரு பணிஸ் கூட வாங்காதீங்க, நம்மட ஆக்கள்ற கடை இரிக்கிதானே" என்பதுதான் சாரம். அந்த 'அவங்க' யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஏனென்றால் அதே வாரம் பக்கத்து ஊரில் எங்களை 'அவங்க' ஆக்கிய இன்னொரு பதிவும் ஓடியதாக அங்கு படிப்பிக்கும் நண்பர்கள் சொன்னார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். குரல் மட்டுந்தான் வேறு.

ஒன்பதாம் தரப் பிள்ளைகள் அதை வகுப்பிலும் பேசினார்கள். வரலாறு படிப்பிக்கும் நாங்கள் உபதேசம் எதுவும் செய்யவில்லை. பதினான்கு வயதில் உபதேசம் ஏறாது, எங்களுக்கும் ஏறியதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வீட்டுவேலை கொடுத்தோம்: "உங்கட வீட்டில ஆக வயது கூடினவர்கிட்ட, முதன்முதல் கடையில சாப்பிட்டது எப்ப, எங்க, யாரோட எண்டு கேட்டு எழுதிட்டு வாங்க."

கொப்பிகள் வந்தன. வாசித்தபோது, பாடப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லாத ஒரு வரலாறு எங்கள் மேசையில் கிடப்பதாகப் பட்டது. அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, எங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறோம். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொற்களிலிருந்து தொடங்குவோம். ஹோட்டலுக்குள் போகிறோம். கதிரையை இழுத்து மேசையில் இருக்கிறோம். கதிரை கிடைக்காவிட்டால் வாங்கு. கோப்பையில் தேத்தண்ணி வருகிறது, கூடவே பாண். கதிரை, மேசை, வாங்கு, கோப்பை, பாண், அந்தப் பாணைச் சுட்ட போறணை, எல்லாமே போர்த்துக்கேயச் சொற்கள். 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தங்கள் பிடியிலிருந்த கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் ஏறக்குறைய 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று தரம் பத்தில் படிப்பிக்கிறோம். விரட்டியவனுடைய சொல்லை விட்டுவிட்டு இன்று ஒரு தேத்தண்ணி குடிக்க எங்களால் முடியாது. அதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஒரு 'றாத்தல்' பாண் என்கிறோமே, அந்த றாத்தல் போர்த்துக்கேயர் வழியாக வந்தது, ஆனால் அவர்களுக்கு அது போனது அரபியிலிருந்து. 'ரத்ல்' என்பது அரபு நிறை. இறாத்தல் போய்க் கிலோ வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, பாணின் நிறையும் 450 கிராம் என்றாகிவிட்டது. இன்றும் கடையில் போய் யாராவது "450 கிராம் பாண் ஒண்டு" என்று கேட்டிருக்கிறோமா?

கொப்பிகளில் பல மூத்தவாப்பாமார் தேத்தண்ணிக் கடையைக் 'கோப்பிக் கடை' என்றே சொல்லியிருந்தார்கள். சிங்களத்திலும் 'கோப்பி கடே' என்பார்கள். அந்தப் பெயரில் தொலைக்காட்சி நாடகமே வந்தது. அங்கே விற்றதெல்லாம் தேத்தண்ணிதான். ஆனால் பெயர் அதற்கு முந்தியது. இந்த நாடு முதலில் கோப்பி நாடாக இருந்தது. 1869இல் இலைநோய் வந்து கோப்பித் தோட்டங்களைத் தின்னத் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி செத்தது, தேயிலை நின்றது. அப்படியும் நல்ல தேயிலை கப்பலில்தான் போனது. ஊர்க்காரரின் கோப்பைக்கு அது வந்துசேரப் பல பத்தாண்டுகள் எடுத்தன. பெயர்ப்பலகையை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை.

அந்தக் காலத்தில் 'கடையில திங்கிறவன்' என்பது ஏச்சு. வீட்டில் ஆக்கிக் கொடுக்க ஆளில்லாதவன், அல்லது வீட்டை மறந்தவன் என்று அர்த்தம். ஹோட்டல் என்பது வழிப்போக்கருக்கானது: நெல் ஏற்றிவந்த வண்டிக்காரர், மீன் வியாபாரி, பஸ்ஸுக்கு நிற்கிறவர், வழக்குக்கு வந்தவர். ஒரு கொப்பியில் இருந்த பதில்: "மூத்தவாப்பா சின்னப் பொடியனா இரிக்கக்க, கல்முனைக் கோட்டுக்கு அவர்ர வாப்பாவோட போன. வழக்கு தவணை போட்ட. வாப்பா கவலையில ஒண்டும் சாப்பிடல்ல. மூத்தவாப்பாக்கு மட்டும் ஒரு பணிசும் தேத்தண்ணியும் எடுத்துக் குடுத்த." காணி வழக்கு என்னவாயிற்று என்று அவருக்கு ஞாபகமில்லையாம். பணிசின் மேலிருந்த சீனி ஞாபகமிருக்கிறதாம்.

யார் எங்கே குந்தலாம் என்பதும் அப்போது ஒரு கேள்வி. வடக்கில் பல தேநீர்க் கடைகளுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைய முடியாதிருந்தது. அதற்கெதிராகத் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துதான் அப்படித் தடுப்பது குற்றமானது. "சோனகர் கடையில ஆரும் சாதி கேட்கல்ல" என்று எங்கள் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் உண்மை இருக்கிறது. ஆனால் எங்கள் கலியாணப் பந்திகளில் ஒஸ்தாமாமாவின் குடும்பம் எந்த மூலையில் இருந்து சாப்பிட்டது என்பதையும் அதே பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பெண்களைப் பற்றிய பதில்கள் இன்னும் சுருக்கம். ஒரு பிள்ளை எழுதியது ஒரே வரி: "மூத்தம்மா இதுவரை ஹோட்டல் கதிரையில குந்தினதே இல்லையாம்." எண்பது வயது. ஹோட்டல் சாப்பாடு சாப்பிடாதவர் அல்ல. முன்பு தாமரை இலையிலும் பிறகு லஞ்ச் சீட்டிலும் சுற்றி வாப்பாமார் கொண்டுவந்த பார்சலை வீட்டில் சாப்பிட்டவர். எண்பதுகளில் எங்கள் பெண்கள் வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கி, ரியாதையும் குவைத்தையும் பார்த்துவந்த பிறகுதான், ஊரில் ஹோட்டல்காரர்கள் திரைச்சீலை போட்டு 'குடும்ப அறை' என்று ஒன்றைப் பிரித்தார்கள். கடல் கடந்து உழைத்துப் பணம் அனுப்பியவருக்கு ஊரில் ஒரு கதிரை கிடைக்க அவ்வளவு நாள் எடுத்தது. இப்போது திரையும் இல்லை. மந்தி சாப்பிடக் குடும்பம் குடும்பமாகப் போகிறோம்.

இனிப் பாணுக்கு வருவோம். இந்தக் கரையில் அரிசிதான் சாப்பாடு, பாண் நோயாளிக்கும் பிரயாணிக்கும். அதை மாற்றியது யுத்தம். 1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. தொண்டைக்குள் இறங்காத மாவை எப்படியெல்லாம் இறக்கலாம் என்று உம்மாமார் கண்டுபிடித்தவைதான் இன்றைய எங்கள் ரொட்டி வகைகளில் பாதி என்று நினைக்கிறோம்.

பிறகு எழுபதுகள். சிறிமா அம்மையாரின் அரசாங்கத்தில், வெளிநாட்டுச் செலாவணி இல்லாமல், 1973, 74 காலத்தில் பாணுக்கு விடியுமுன் கியூ. ஹோட்டல்களில் வாரத்துக்கு இரண்டு நாள் சோறு விற்கத் தடை. சோறு விற்காத ஹோட்டல் எதை விற்கும்? மரவள்ளிக் கிழங்கும் சம்பலும். நெல் விளையும் பூமியில் இருந்துகொண்டு ஒரு கொத்து அரிசியை ஒளித்துக் கொண்டுபோன கதைகள் ஏழெட்டுக் கொப்பிகளில் இருந்தன. கியூவில் மச்சானுக்கு மச்சான் சண்டை பிடித்த கதையும் இருந்தது. கியூவில் முன்னுக்கு நின்ற தமிழ்க் கிழவி தன் பாணில் பாதியை முறித்துத் தந்த கதையும் இருந்தது. எழுதிய பிள்ளை அதற்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை.

1980இல் திருகோணமலைச் சீனக்குடாவில் பிறிமா ஆலை வந்தது. கோதுமையை அரைத்து மாவை அரசாங்கத்துக்குக் கொடுப்பது, கூலியாகத் தவிட்டை எடுத்துக்கொள்வது என்பது ஒப்பந்தம். மா தட்டுப்பாடு தீர்ந்தது. ஊருக்கு ஊர் பேக்கரி, ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட், மாலு பணிஸ். இரவானால் தகட்டில் 'டக டக' என்று கொத்து ரொட்டிச் சத்தம். கொத்து பிறந்தது மட்டக்களப்பில் என்று மட்டக்களப்பாரும், மூதூரில் என்று மூதூராரும், தங்கள் மூத்தவாப்பாவின் கடையில் என்று இன்னும் ஒரு நூறு பேரும் சொல்வார்கள். நாங்கள் இந்தச் சண்டைக்கு வரவில்லை. மிஞ்சிய ரொட்டியையும் மிஞ்சிய ஆணத்தையும் வீணாக்க மனமில்லாத ஒருவர் கொத்தினார் என்பது மட்டும் நிச்சயம். 'கொத்து' என்ற தமிழ்ச் சொல்லை இன்று அம்பலாங்கொடையில் சிங்களவர் தங்கள் சொல்லாகச் சொல்லி வாங்குகிறார்கள்.

எங்கள் ஹோட்டல்களின் ஒரு வழக்கத்தைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தக் கஷ்டமாக இருந்தது. இருந்தவுடன் கேட்காமலே ஒரு பீங்கான் நிறைய ரோல்ஸும் வடையும் பெட்டிஸும் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு. எத்தனை தின்றோம் என்று நாங்களே சொல்வோம், அல்லது வெயிற்றர் மிச்சத்தை ஒரு பார்வை பார்த்து, காசாளருக்குக் கேட்கக் கத்துவார்: "வெள்ளச் சேட்டு நூத்தி இருவது!" வெள்ளைச் சேட்டு எழும்பிப்போய் நூற்றியிருபது கொடுப்பார். பில் இல்லை. பெயர் இல்லை. எந்த ஊர், என்ன இனம் என்ற கேள்வி இல்லை. சுகாதாரத்துக்கு அந்தப் பீங்கான் நல்லதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். பத்துப் பேர் தொட்டு வைத்த ரோல்ஸைப் பதினோராவது ஆளாகத் தின்றவர்கள் நாங்கள். ஆனால் கணக்கு அப்படித்தான் நடந்தது.

கல்முனைக் கடைத்தெருவில் எங்கள் ஆட்கள் மரக்கறிச் சாப்பாட்டுக்குச் சைவக் கடைக்குப் போவார்கள். அங்கே ஹலாலா என்று கேட்கத் தேவையில்லை, தோசையும் நன்றாக இருக்கும். தமிழ் ஆட்கள் புரியாணிக்கும் கொத்துக்கும் எங்கள் கடைக்கு வருவார்கள். மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் அந்தக் கரண்டியையே தூரவைத்துப் பரிமாறுவார்கள். இது யாரும் எழுதிவைத்த ஒப்பந்தமல்ல.

1990 அதை உடைத்தது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். அதே மாதம் ஏறாவூர். அதே மாதம் வீரமுனை. முதல் இரண்டையும் எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள், மூன்றாவதைச் சொல்ல எங்களுக்குத் தொண்டை அடைக்கும். சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகு பல வருடம் தமிழ் ஊருக்குள் பஸ் போகும்போது எங்கள் ஆட்கள் இறங்கித் தண்ணீர் குடிக்கவும் பயந்தார்கள், அவர்களும் அப்படியே. வகுப்பில் ஒரு பிள்ளையின் மூத்தவாப்பா தமிழ் முதலாளி ஒருவரின் பேக்கரியில் போறணை வேலை செய்தவர். 1990க்குப் பிறகு போகவில்லை. முதலாளி ஒரு நாள் ஆள் அனுப்பினாராம், மிச்சச் சம்பளத்தோடு. சம்பளத்தை வாங்கினார், வேலைக்குப் போகவில்லை. "ஏன் போகல்ல எண்டு கேட்டன், அவர் எழும்பித் தொழப் போயிட்டார்" என்று எழுதியிருந்தது அந்தப் பிள்ளை.

2004 டிசம்பர் 26 எங்களுக்கே ஞாபகமிருக்கிறது. அப்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் போனார்கள். தப்பியவர்கள் வயல் பக்கமாக ஓடினோம், சம்மாந்துறை எங்களை ஏற்றது. அடுப்பில்லை, பானையில்லை, மையித்துகளைத் தேடுவதா பசியைப் பார்ப்பதா என்று தெரியாத நிலை. அப்போது அம்பாறைப் பக்கமிருந்து ட்ராக்டரிலும் லொறியிலும் சோற்றுப் பார்சல் வந்தது. கட்டிக் கொண்டுவந்தவர்கள் சிங்கள ஆட்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த நகரம் அம்பாறை. காணிப் பிரச்சினை, எல்லைப் பிரச்சினை என்று எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் ஆயிரம் கணக்கு. அன்று அந்தப் பார்சலை அவிழ்த்தபோது, எங்களில் ஒருவர்கூட இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்கவில்லை. பருப்பும் சம்பலும் என்று ஞாபகம். சோறு இன்னும் சூடாக இருந்தது.

சரியாகப் பதின்மூன்று வருடமும் இரண்டு மாதமும் கழித்து, 2018 பெப்ரவரி 26 இரவு, அதே அம்பாறை நகரத்தில், முஸ்லிம் ஒருவர் நடத்திய ஹோட்டலில் சாப்பிட வந்தவர் ஆணத்துக்குள் ஒரு கட்டியைக் கண்டார். குழந்தை பிறக்காமல் செய்யும் மாத்திரை என்று சத்தம் எழும்பியது. அப்படிச் சோற்றில் கலந்து ஆளை மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே கிடையாது. ஆனால் வதந்தி ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றியிருந்தது, அந்த இரவுக்குத் தேவைப்பட்டது ஒரு கட்டி மட்டுந்தான். கும்பல் சூழ்ந்துகொண்டு கேட்க, காசு மேசையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாக வராது. என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல், தடுமாறி, 'ஓம், போட்ட' என்று அர்த்தப்படும் விதமாக ஏதோ சொன்னார். அது கைபேசியில் பதிவாகி முகநூலில் ஏறியது. ஹோட்டல் உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சில நாட்களில் திகன எரிந்தது. அவசரகாலச் சட்டம் வந்தது, முகநூலையே அரசாங்கம் ஒரு வாரத்துக்கு மேல் பூட்டியது. பிறகு அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. அந்தக் கட்டி மாச்சத்து. கரையாத மா.

பாண் சுடுகிற மா. ரொட்டி வீசுகிற மா.

மறுவருடம் உயிர்த்த ஞாயிறு நடந்தது. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் வெடித்தது எங்கள் வாசலில். அதைச் செய்தவர்கள் எங்கள் பெயரைத் தாங்கியவர்கள். அதற்குப் பிறகு எங்கள் கடைகளுக்கு வந்த வெறுமையைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், நீட்டவில்லை. மே மாதம் வடமேல் மாகாணத்தில் எரிந்த கடைகளையும் தெரியும்.

அந்த வெறுமையை ஓரளவு கலைத்தது, வெட்கத்தோடு சொல்கிறோம், பசிதான். 2022இல் எரிவாயு இல்லை, மா விலை ஏறிக்கொண்டே போனது. நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் பேக்கரிகள் மூடப்பட்டதாகப் பேக்கரி உரிமையாளர் சங்கம் சொன்னது. நவீனப் போறணை போட்டவர்கள் கையைப் பிசைந்தபோது, பழைய விறகுப் போறணையை இடிக்காமல் வைத்திருந்த பேக்கரி எந்த ஊரில் எந்தச் சமூகத்தாருடையது என்று பார்க்காமல் எல்லாரும் போய் நின்றோம். காரைதீவுப் பக்கமும் போய் நின்றோம், அங்கிருந்து இங்கும் வந்தார்கள். கியூவில் நின்றபோது எழுபதுகளின் கதைகளை முதியவர்கள் சொன்னார்கள். குரல் பதிவு அனுப்பியவரும் ஏதாவது ஒரு கியூவில் நின்றிருப்பார்.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்த அன்று, பாட முடிவில் பின்வாங்கிலிருந்த ஒரு பொடியன் எழும்பினான். வழக்கமாகக் கேள்வி கேட்பவன் அல்ல. வாப்பா அம்பாறை றோட்டில் ரொட்டிக் கடையில் வேலை.

"சேர், அண்டைக்கு அந்த காசு மேசையில நிண்டவர் என்ன சொல்லியிரிக்கணும்?"

நாங்கள் யோசித்தோம். இரண்டாம் மொழிச் சிங்களம் ஆறாம் தரத்திலிருந்து படிப்பிக்கிறோம். என் பெயர் இது, எனது பாடசாலை இது, எங்கள் ஊர் அழகானது என்று எழுதி எழுபது புள்ளி எடுத்துவிடுகிறார்கள். இந்த வசனம் எந்தப் பாடத்திலும் இல்லை. சிங்கள ரீச்சரை அடுத்த வகுப்பிலிருந்து கூப்பிட்டோம். அவர் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, வெண்கட்டியை எடுத்துப் பலகையில் தமிழ் எழுத்தில் எழுதினார்:

"மஹத்தயா, மேக்க பிட்டி குலியக்."

ஐயா, இது மாக்கட்டி.

முப்பத்தேழு பிள்ளைகளும் மூன்று தடவை சத்தமாகச் சொன்னார்கள். நான்காவது தடவை சொல்லும்போது மணி அடித்தது, ஒருவரும் எழும்பவில்லை.